சமோசிர் தீவும் என் ஒன்றரை ஏக்கரும்

எங்கள் தோட்டத்துக்கு வருகிற சென்னை, கோயம்புத்தூர் நண்பர்கள் காரை விட்டு இறங்கியதும் சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான். "எவ்வளவு அமைதியா இருக்குங்க!"

போன மாசியில் ஒருத்தர் வந்து இதையே சொன்னார். கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். நான் சிரிச்சு வச்சேன். அன்றைக்குத் தோட்டம் அமைதியாக இருந்ததற்கு ஒரே காரணம், ரெண்டு நாள் முன்னாடி கிணத்து மோட்டார் காயில் கருகிப் போனதுதான். மோட்டார் ஓடல, சத்தம் இல்ல. நட்டு இருபது நாளான சின்ன வெங்காயம் தண்ணி இல்லாமல் தாள் நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. காயில் கட்டப் போனவன் போனை எடுக்கவில்லை. அவருக்கு அமைதி, எனக்கு வயித்தெரிச்சல்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மூணு மாசம் கழிச்சு நானே ஒரு ஊர்ல போய் நின்னுக்கிட்டு, அதே மாதிரி மூச்சை இழுத்துவிட்டு, அதே வார்த்தையைச் சொன்னேன். இந்தோனேசியாவில், சுமத்ராவில், தோபா ஏரிக்கு நடுவில் இருக்கிற சமோசிர் தீவு. அங்கே பார்த்ததையும், திரும்பி வந்து எங்கள் வீட்டில் எடுத்த ஒரு முடிவையும் எழுதுகிறேன்.

முதலில் போன காரணம். என் மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். ஒட்டன்சத்திரம் சந்தையில் வெங்காயம் விலை போகாமல் நான் படுகிற பாட்டை அவள் சின்ன வயசிலிருந்தே பார்த்தவள். ஒரு வருஷம் கிலோ நூறு ரூபாய், அடுத்த வருஷம் பன்னிரண்டு. அதனால் ஒரு யோசனை சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் பணம் போடத் தயார். கிழக்கே இருக்கிற ஒன்றரை ஏக்கரை பதினஞ்சு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டால், அங்கே ஆறு குடில் கட்டி, ஒரு நீச்சல் குளமும் போட்டு, ஃபார்ம் ஸ்டே நடத்துவார். மாசாமாசம் எங்களுக்கு ஒரு தொகை வரும். "மழை பெஞ்சாலும் வரும், பெய்யலன்னாலும் வரும்ப்பா" என்றாள். இந்த வார்த்தை ஒரு விவசாயி காதில் எப்படி விழும் என்று நகரத்தில் மாசச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

நான் பிடி குடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். "சரி, இதே மாதிரி கிராமத்துல ரூம் விட்டுப் பொழைக்கிற ஊரு ஒண்ணைக் காட்டறேன், வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று டிக்கெட் போட்டுவிட்டாள். அவள் அம்மாவையும் கூப்பிட்டோம். "மாட்டை யாரு பாக்கறது?" என்று கேட்டாள். பதில் இல்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து மேடான் ஒரு மணி நேர விமானம். அங்கிருந்து காரில் நாலஞ்சு மணி நேரம், எண்ணெய்ப் பனைத் தோட்டம், ரப்பர் தோட்டம் என்று மாறி மாறி வருகிறது. பராபாட் என்கிற ஊரில் மலை இறங்கினால் ஏரி. ஏரி என்று சொல்வதால் நம்ம ஊர் ஏரியை நினைச்சுக்காதீங்க. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் சில இடத்தில் 500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் அவ்வளவு தண்ணீர் நிற்கிறது.

இந்த ஏரி ஒரு எரிமலையின் வாய். சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி இங்கே வெடித்தது, கடந்த இருபது லட்சம் வருஷத்தில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. ஏறக்குறைய 2,800 கன கிலோமீட்டர் பாறையும் சாம்பலும் வெளியே வந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவிலும் விழுந்தது. ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜுவாலாபுரத்திலும், மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அந்தச் சாம்பல் படிவத்தை ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

வெடித்து முடிந்ததும் மேல்பக்கம் உள்ளே சரிந்து பெரிய பள்ளமானது. அதில் தண்ணீர் சேர்ந்து ஏரியானது. பிறகு அடியில் மிச்சமிருந்த நெருப்புக்குழம்பு மெதுவாக அழுத்தி, ஏரியின் தரையையே மேலே தூக்கியது. அப்படித் தூக்கிய தரைதான் சமோசிர். சுமார் 630 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் தண்ணிக்கு அடியில் இருந்த மண். மேற்கே பங்குருரான் பக்கத்தில் மட்டும் ஒரு ஒடுக்கமான நிலத்தால் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் நூறு வருஷத்துக்கு முன்னாடி டச்சுக்காரர்கள் கால்வாயாக வெட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் முழுத் தீவு.

பராபாட்டிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் துக்துக் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன முனை. அங்கே ஒரு குடும்பம் நடத்துகிற விடுதியில் தங்கினோம். நாலே அறை. பின்னால் வயல்.

மறுநாள் விடியற்காலை எழுந்து வெளியே வந்தேன். குளிர் இருந்தது. ஏரியில் அலை இல்லை. பின்னால் செங்குத்தாக மலை, அதன் மேல் வெள்ளைக் கோடு மாதிரி ஒரு அருவி. வயலில் நெல் பழுக்கிற பருவம். எருமை ஒன்று அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது. ஒரு ஹாரன் இல்லை, ஒரு ஒலிபெருக்கி இல்லை. அப்பதான் அந்த வார்த்தையை என் மகளிடம் சொன்னேன். "எவ்வளவு அமைதியா இருக்கு கண்ணு!"

அவள் சிரித்தாள். "நம்ம தோட்டத்துக்கு வர்றவங்களும் இதைத்தானப்பா சொல்றாங்க. இதுக்குத்தான் காசு."

கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு துண்டு வயலில் வயசான அம்மா ஒருத்தர் குனிந்து ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தார். பின்னணியில் ஏரி, மலை, காலை வெயில். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஒன்று, ரெண்டு, மூணு. நாலாவது எடுக்கும்போது அந்த அம்மா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த நிமிர்கிற விதம் எனக்குத் தெரியும். இடுப்பு பிடித்துக்கொண்டால் அப்படித்தான் நிமிர முடியும். என் தோட்டத்தில் களை எடுக்கிற பெண்கள், சீமையிலிருந்து வந்த யாரோ போனை நீட்டும்போது அப்படித்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அடுத்து அவர் பிடுங்கிக்கொண்டிருந்தது என்ன என்று பார்த்தேன். சின்ன வெங்காயம்.

சத்தியமாச் சொல்றேன், கூச்சமாப் போச்சு. போனைப் பைக்குள் போட்டுவிட்டு வரப்பில் இறங்கினேன். "ஹொராஸ்" என்றேன். படாக் மக்களுக்கு வணக்கமும் அதுதான், வாழ்த்தும் அதுதான். ஒரு பாத்தியில் நானும் குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். தாளைக் கொத்தாகப் பிடித்து, லேசாகத் திருகி, மண்ணை உதறிப் போடுகிற விதத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். என் மகளுக்கு மலாய் தெரியும், இந்தோனேசிய மொழி அதற்குப் பக்கம். "நீங்களும் வெங்காயம் போடறவரான்னு கேக்கறாங்க" என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் வெங்காயப் பேச்சுதான். அவர்களும் நம்மைப் போல விதை வெங்காயத்தைக் காய வைத்துத்தான் நடுகிறார்கள். மழை அதிகமானால் அவர்களுக்கும் அழுகல். விலையைச் சொல்கிற வியாபாரி அவர்களுக்கும் உண்டு. நாம் பட்டறை போட்டு வைப்பதை, அவர்கள் தாளோடு கொத்தாகக் கட்டி கூரைக்கு அடியில் தொங்கவிடுகிறார்கள். "பிள்ளைங்க எங்கேம்மா?" என்று கேட்டேன். ஒருத்தர் மேடான், ஒருத்தர் ஜகார்த்தா, ஒருத்தி பத்தாம். வயலில் அவர் மட்டும்.

எரிமலை மண் என்றால் பொன்னு விளையும் என்று நம்ம ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைச்சுப் போனேன். ஆனால் எரிமலையிலும் எரிமலைக்கு வித்தியாசம் இருக்கிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் அதிகம் இருக்கிற கறுத்த பாறை, சாம்பல் என்றால் சீக்கிரம் மக்கி நல்ல மண்ணாகும். தோபா வெடித்தபோது வந்தது அந்த ரகமில்லை. மணல்சத்து மிகுந்த வெளுத்த சாம்பல், கண்ணாடித் தூள் மாதிரி. அதில் பயிருக்கு வேண்டிய சத்து குறைவு, புளிப்புத் தன்மை அதிகம். சமோசிரின் மேட்டு நிலத்துக்கு ஏறிப் போனால் புல்லும் கல்லும் பைன் மரமும்தான். கரையோரம் ஊற்றுத் தண்ணி இருக்கிற இடத்தில்தான் நெல் செழிக்கிறது. எங்கள் விடுதிக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு போகம்தான்.

நல்ல எரிமலை மண் வேணும்னா வடக்கே காரோ மேட்டு நிலத்துக்குப் போகணும். பெராஸ்தாகி பக்கம் ஆரஞ்சும் முட்டைக்கோஸும் கேரட்டும் குமிஞ்சு கிடக்கிறது. ஆனால் அங்கே பக்கத்திலேயே சினாபுங் மலை உயிரோடு இருக்கிறது. சுமார் நானூறு வருஷம் தூங்கிவிட்டு 2010-ல் முழித்துக்கொண்டது. 2014-ல் அதன் நெருப்புச் சாம்பல் மேகம் இறங்கி ஆட்கள் செத்தார்கள். சில ஊர்களை நிரந்தரமாகவே காலி செய்ய வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் இருந்தால் உயிருக்குப் பயம், பயமில்லாத மண்ணில் விளைச்சல் கம்மி. இந்தக் கணக்கை அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரியைச் சுற்றிப் பயிராகிற ஒரு காப்பி ரகத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. 'சிகாரார் ஊத்தாங்'. படாக் மொழியில் 'கடனை அடைக்கிறது' என்று அர்த்தம். சீக்கிரம் காய்க்கும், வருஷம் முழுக்க கொஞ்சம் கொஞ்சம் பழம் கிடைக்கும், அதனால் அந்தப் பெயர். ஒரு பயிருக்கு இதைவிட உண்மையான பெயர் வைக்க முடியாது. அழகான ஏரியைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள், பயிருக்குப் பெயர் வைக்கிறபோது ஏரியை நினைக்கவில்லை. கடனைத்தான் நினைத்தார்கள்.

மண் இப்படி என்பதால்தான் சமோசிர்க்காரர்கள் ரொம்ப காலமாகவே பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். வக்கீல், வாத்தியார், பாட்டுக்காரர், பஸ் டிரைவர் என்று இந்தோனேசியா முழுக்க படாக் மக்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பக்கம் பணம் திரும்பி வருகிறது. எப்படி வருகிறது தெரியுமா? கல்லறையாக. வயலுக்கு நடுவில் மாடி மாடியாகச் சிமென்ட் கட்டி, ஓடு பதித்து, மேலே பழைய படாக் வீடு மாதிரி கூரை வைத்த கல்லறைகள். முன்னோரின் எலும்பைத் தோண்டி எடுத்து, கழுவி, குலத்துக்கான அந்தப் பெரிய கல்லறையில் வைக்கிற சடங்கு உண்டு. அதற்கு ஜகார்த்தாவிலிருந்தெல்லாம் சொந்தம் வந்து இறங்கும். பல இடத்தில் பக்கத்திலிருக்கிற வீட்டைவிடக் கல்லறை பெரிசு. உயிரோடு இருக்கும்போது வெளியூர், செத்த பிறகு சொந்த ஊர்.

தோமோக் என்கிற ஊரில் சிகாலே-காலே என்று ஒரு மரப்பொம்மை ஆட்டம் காட்டுகிறார்கள். ஆள் உயரப் பொம்மை. பின்னாலிருந்து கயிறு இழுக்க அது கையை மடக்கி ஆடும். ஒரு ராஜாவின் மகன் போரில் செத்துப்போக, அவன் ஜாடையில் செய்த பொம்மை என்பது கதை. ஆண் பிள்ளை இல்லாமல் செத்தவர்கள் சாவில், பிள்ளை ஆட வேண்டிய இடத்தில் இது ஆடுமாம். இப்போது டூரிஸ்டுகள் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடிப் படம் எடுக்கிறார்கள். நானும் ஆடினேன். ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த வெங்காய வயலம்மா ஞாபகம் வந்தது. ஊரில் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் ஊர் அமைதியாக இருக்கிறது. நம்ம ஊரும் அப்படித்தானே? எங்கள் தெருவில் நாப்பது வீடு, பொங்கலுக்கு மட்டும்தான் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஆள்.

இன்னொன்றும் கவனித்தேன். அமைதி என்பது எனக்கு மட்டும்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது அமைதியான ஊரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் நாலு குரலில் பாட்டு. ஒரு சாவு வீட்டில் ராத்திரி வரை மேளம். சாயங்காலமானால் 'லப்போ' என்கிற கடையில் ஆம்பிளைகள் கூடி, ஒரு வகைப் பனையின் கள்ளைக் குடித்துக்கொண்டு கித்தாரோடு பாடுகிறார்கள். தெருவோடு போகிறவர் நின்று கேட்கிற அளவுக்குப் பாடுகிறார்கள். (நம்ம ஊரில் கள் இறக்க 1987-லிருந்து தடை. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.) அம்மாவின் அண்ணன் தம்பியை 'துலாங்' என்கிறார்கள், அவர் மகள் முறைப்பெண். மாமன் வீட்டுக்குத் தருகிற மரியாதை நம்மைவிட ஒரு படி அதிகம். பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், பங்காளிகள் என்று மூன்று தரப்பையும் அடுப்பின் மூணு கல் என்று சொல்கிறார்கள். இத்தனை உறவும் சண்டையும் சீரும் உள்ள ஊர் எப்படி அமைதியாக இருக்கும்? நமக்கு அந்தப் பேச்சு புரியாததால் அமைதியாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

கடைசி நாளுக்கு முதல் நாள் ராத்திரி விடுதிக்காரரோடு உட்கார்ந்து பேசினோம். அறுபது தாண்டியவர். அங்கே பெரியவர்களை 'அமாங்' என்று கூப்பிடுவார்கள், நாம் ஐயா என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். என் மகள் எங்கள் தோட்டத்துத் திட்டத்தை அவரிடம் சொல்லி, "அப்பாவுக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துக்துக்கின் கதையைச் சொன்னார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெள்ளைக்காரப் பையன்கள் முதுகில் மூட்டையோடு வந்து குவிந்தார்கள். அறை கிடைக்காது. பலர் வயல் இருந்த இடத்திலும் அறை கட்டினார்கள். 1997, 98-ல் நாட்டில் பணமதிப்பு விழுந்து கலவரம் வந்தது. கூட்டம் குறைந்தது. 2002-ல் பாலியில் குண்டு வெடித்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் இந்த ஏரிக்கும் நடுவில் கடலும் தீவுகளும் இருக்கின்றன. ஆனாலும் இங்கேயும் ஆள் வரவில்லை. வரிசையாக விடுதிகள் பூட்டிக் கிடந்தன. பிறகு கொஞ்சம் தலை தூக்கியபோது கொரோனா.

"மூணு தடவையும் எங்களுக்குச் சோறு போட்டது பின்னாடி இருக்கற வயல்தான்" என்றார். "அறையை வயல்ல கட்டுனவங்க அரிசியைக் கடையில வாங்குனாங்க. நான் அறையை வீட்டை ஒட்டிக் கட்டுனேன்."

என் மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவளும் பேசாமல் இருந்தாள்.

ஊருக்கு விருந்தாளியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையும் எழுதணும். அந்த நாலு அறைதான் அவர் பிள்ளைகளைக் காலேஜ் படிக்க வைத்தது. 2016-ல் அரசாங்கம் 'பத்து புதிய பாலி' என்று ஒரு பட்டியல் போட்டு அதில் தோபாவையும் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் ரோடு நன்றாகியது. 2020-ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப் பூங்காவாக அறிவித்தது. 2018 ஜூனில் சிமானிந்தோவிலிருந்து எதிர்க்கரைக்குப் போன படகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக் கவிழ்ந்து, 160-க்கும் மேற்பட்டவர்கள் ஏரிக்குள் போய்விட்டார்கள். பெரும்பாலான உடல்களை எடுக்கக்கூட முடியவில்லை, அவ்வளவு ஆழம். நாம் அமைதி, பழமை என்று ரசிக்கிற மரப்படகுதான் அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிற வழி. 2023-ல் பங்குருரான் கால்வாய் மேல் புதுப் பாலம் திறந்தபோது, "தீவு அழகு கெட்டுப்போச்சு" என்று அந்த ஊரில் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் நகரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கிராமத்து அமைதி என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. அது ரெண்டு விஷயத்தால் ஆனது. ஒன்று, ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுப் போன வெற்றிடம். இன்னொன்று, போகாமல் இருப்பவர்களின் வேலை. அந்த வயல் பச்சையாக இருப்பது ஒரு அம்மா குனிந்து நிற்பதால். அவர் நிமிர்ந்துவிட்டால் நாலு வருஷத்தில் அது முள்ளுக்காடு, அதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். காசு கொடுப்பதானால் அந்த வேலைக்குக் கொடுங்கள். வெங்காயம் வாங்குங்கள், காப்பிக்கொட்டை வாங்குங்கள், அவர் சமைத்ததைச் சாப்பிட்டு நல்ல விலை கொடுங்கள். அமைதிக்கு மட்டும் காசு கொடுத்தால், நாளைக்கு அந்த வயலைத் தூர்த்துவிட்டு, வயல் மாதிரி ஒரு புல்தரை போட்டுத் தருவான். அதுவும் அமைதியாகத்தான் இருக்கும்.

திரும்பி வருகிற விமானத்தில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அவருக்கு மூணு தடவை வயல் சோறு போட்டுது. சரி. நமக்கு எத்தனை தடவை வெங்காயம் கை விட்டுது, அதை எழுதுவீங்களாப்பா?"

எழுதுகிறேன். கடந்த எட்டு வருஷத்தில் மூணு வருஷம் முதலே வரவில்லை. ஒரு வருஷம் கோழிக்கால் நோயில் முக்கால் பங்கு போச்சு. அவள் படிப்புக்கு வாங்கின கடனை அடைத்தது வெங்காயம் இல்லை, அவள் சம்பளம். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நிலம் கடவுள், நிலம் தாய் என்று சொல்லி அந்தக் கேள்வியை நான் மூடப் பார்த்தால் அது பொய். சமோசிரில் நிலம் பெரும்பாலும் குலத்துக்குச் சொந்தம், நினைத்தவுடன் ஒருத்தர் விற்றுவிட முடியாது. அதுவே அவர்களுக்கு ஒரு வேலி. நமக்கு அப்படி வேலி இல்லை. பட்டா என் பேரில் இருக்கிறது. நாளைக்கே கையெழுத்துப் போடலாம். அதனால் வேலியை நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். அவள் அம்மாதான் முடித்து வைத்தாள். "பதினஞ்சு வருஷம் நீச்சல் குளமா கெடந்த மண்ணுல அப்புறம் என்னத்த நடுவீங்க?" என்று கேட்டாள். ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குத் தருவதில்லை என்று முடிவானது. பணம் போட வந்தவருக்கு மகளே போன் பண்ணி மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.

அதோடு நிறுத்தவில்லை. எங்கள் அப்பா கட்டின பழைய ஓட்டு வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அதில் ரெண்டு அறையைச் சரி பண்ணி, ஒரு கக்கூஸ் கட்டி, வருகிறவர்களைத் தங்க வைப்பது என்று வைத்திருக்கிறோம். வயலில் ஒரு செங்கல் வைக்க மாட்டோம். செலவுக்கு மகள் பாதி, நான் பாதி. வருகிற வருமானம் அவள் அம்மா கணக்கில். மழை பெய்யாத வருஷம் அது ஒரு 'சிகாரார் ஊத்தாங்'. வெங்காயத்துக்குப் பதில் இல்லை, வெங்காயத்துக்குப் பக்கத்தில்.

வர நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சில விஷயம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் குறைப்படக் கூடாது. காலையில் அஞ்சு மணிக்கு மோட்டார் ஓடும். கிணறு அறைக்குப் பக்கத்தில்தான். மாட்டுச்சாணம் நாறும். மருந்தடிக்கிற அன்றைக்கு வயல் பக்கம் வர விடமாட்டோம். களை எடுக்கிறவர்களைப் படம் எடுக்கணும்னா முதலில் அவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போகும்போது ஆளுக்கு ரெண்டு கிலோ வெங்காயம் அன்றைய சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டு போகணும். இது மட்டும் கட்டாயம்.

ஆடிப்பட்டத்துக்கு அந்த ஒன்றரை ஏக்கரிலும் விதை ஊன்றியாச்சு. மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியிருக்கிறோம், நல்லா ஓடுது. சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கு.